பிச்சைக்காரி வேஷத்துக்கு முதற்பரிசு

எங்கள் பழைய வகுப்புக் குழுவில் ஹலோவீன் படங்களைப் போடச் சொல்லிக் கேட்டீர்கள். என்னிடம் படம் இல்லை என்று எழுதினேன். அது பொய். ஒரு படம் இருக்கிறது. என் போனிலேயே இருக்கிறது. போடமாட்டேன். ஏன் என்று இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

நீங்கள் போட்டதையெல்லாம் பார்த்தேன். படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை வெட்டிய பேய், கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றிய சூனியக்காரி, முகமெல்லாம் தக்காளி சோஸ் வழிய ஒருவன். அவன் இப்போது பல் வைத்தியர். கீழே "என்ன இனிமையான காலம்" என்று எழுதி அழுகிற பொம்மை, சிரிக்கிற பொம்மை எல்லாம் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இனிமையாக இருந்திருந்தால் சந்தோஷம். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் எனக்கு மட்டும் ஏன் நாக்கு கசக்கிறது என்று கேட்டால், கதை இதுதான்.

போன கிழமை என் இளைய மகள் குசினிக்குள் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே ஹலோவீன் வேஷம் போடலாமாம். கொக்கோத் தூள், சோள மா, ஒட்டுகிற பசை, கழிவறைத் தாள். அந்த வீடியோக்காரி அதைத் தானே கண்டுபிடித்த மாதிரிக் கண்ணை உருட்டிச் சொல்கிறாள். மகள் என்னைப் பார்த்து, "அம்மா, இதெல்லாம் உங்கட காலத்தில இருந்ததோ?" என்றாள். என் அப்பாவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

நாங்கள் மொன்றியலுக்கு வந்த பிறகு கண்ட முதல் இலையுதிர்காலம். எனக்கு ஒன்பது வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில், வில்லரேப் பக்கம் திரும்புகிற தெருவில், இரண்டாம் மாடியில் இருந்தோம். அம்மா கைக்குழந்தைத் தம்பியோடு வீட்டில். அப்பா டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். பின்னேரம் மூன்று மணிக்குப் போவார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்த மனிதர், இங்கே சவர்க்காரத் தண்ணீரில் கைவிரல் வெடித்துப் போய் வருவார். ஆனால் வேலைக்குப் போகும்போது சேர்ட்டை அயர்ன் பண்ணித்தான் போடுவார். கோப்பை கழுவப் போகிற ஆளுக்கு எதற்கு அயர்ன் என்று அம்மா கேட்டால், "பஸ்ஸில பாக்கிற சனத்துக்குத் தெரியுமோ நான் எங்க போறனெண்டு?" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் கை நீட்டியதில்லை என்பது. எங்களுக்கு மேல் வீட்டில் தனியாக ஒரு மாமா இருந்தார். பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். நன்றாகப் பிரெஞ்சு கதைப்பார். ஆனால் வேலை கிடைக்காமல் வெல்பெயர் என்கிற அரசாங்க உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரை வாய்க்கு வாய் குத்துவார். "தம்பி, நாங்கள் குடுத்த சனம். வாங்கின சனமில்லை." மாமா சிரித்துக்கொண்டே தேநீரைக் குடிப்பார்.

குடுத்த சனம் என்றது சும்மா கதையும் இல்லை. ஊரில் எங்கள் கோயிலில் ஏழைகளுக்கு உதவுகிற சங்கம் ஒன்று இருந்தது. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வர முதல் கிழமை அப்பாதான் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். அரிசி, சீனி, ஒரு துணி. வாங்கினவரின் பெயருக்கு நேரே கையெழுத்து. அந்தக் கதைகளை அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்றபடி வீட்டுக்குள்ளே ஒரு பார்வை விடவேண்டுமாம், உண்மையிலேயே இல்லாத சனமோ என்று. ஒரு வீட்டில் ரேடியோவைச் சேலையால் மூடி வைத்திருந்தார்களாம். இன்னொரு விதியும் இருந்தது. பட்டியலில் உள்ள வீட்டில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. "அதுகளின்ர சீனியைக் குடிக்கிறது பாவம் பிள்ளை. எவ்வளவு கேட்டாலும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வரவேணும்." இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் நடுவில் பாடசாலையிலிருந்து ஒரு தாள் வந்தது. நாங்கள் இருந்தது பிரெஞ்சு பழக்குகிற வரவேற்பு வகுப்பு. நீங்கள் பலர் அதே வாங்கில் இருந்தவர்கள்தான். தாளை வாசித்து அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஹலோவீன் அண்டைக்கு எல்லாப் பிள்ளையளும் வேஷம் போட்டுக்கொண்டு வரட்டாம் அப்பா."

"என்னது? வினோத உடையோ!"

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இந்த நாட்டில் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊர்ப் பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டி நடந்தால் கடைசியில் வினோத உடைப் போட்டி இருக்கும். மீன்காரி, குறி சொல்கிறவள், விசரன், பிச்சைக்காரன் என்று பிள்ளைகள் வேஷம் கட்டி மைதானத்தைச் சுற்றி வருவார்கள். நடுவர்கள் புள்ளி போடுவார்கள். அப்பா பதினாலு வயதில் பிச்சைக்காரனாகப் போய் முதற்பரிசு வாங்கியவர். வாசலில் நின்ற காவல்காரன் அவரை உண்மையான பிச்சைக்காரன் என்று நினைத்துத் தடியால் கலைத்தானாம். அதைப் பார்த்துத்தான் நடுவர் பரிசே கொடுத்தாராம். காலில் செய்த புண்ணில் ஈ மொய்க்கவேண்டும் என்று பனங்கட்டியைக் கரைத்துப் பூசியிருந்தாராம். ஈயும் வந்ததாம்.

"அப்பா, இஞ்ச பேய், பூசணிக்காய், அப்பிடித்தான் போடுவினம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேயெல்லாம் ஒரு வேஷமே? சீலையைப் போத்தினால் பேய். வேஷமெண்டு தெரிஞ்சால் பரிசில்லை பிள்ளை. ஆக்கள் நம்பவேணும்."

அம்மாதான் துள்ளினாள். "உங்களுக்கென்ன விசரே? வந்த இடத்தில பொம்பிளைப் பிள்ளையைப் பிச்சைக்காரியாக்கி அனுப்பப் போறியளோ? எங்களைப் பிச்சை எடுக்க வந்த சனமெண்டு நினைக்கப் போகுதுகள்."

"அது வேஷமப்பா. நீர் சும்மா இரும்."

பெண்சாதி சொல்லைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நான் இன்றைக்கும் வெறுக்க முடியாமல் இருக்கிறேன். வேலையால் களைத்து வருகிற மனிதர், காலையில் எழுந்தவுடன் எனக்கு நொண்டி நடக்கப் பழக்கினார். கையை எந்த உயரத்தில் நீட்டுவது, கண்ணை எப்போது தாழ்த்துவது என்று செய்து காட்டினார். வசனமும் பாடமாக்கினேன். "தாயே, மூண்டு நாளாய் அன்னந்தண்ணி இல்லை. அப்பனுக்கு வேலையில்லை. ஆத்தை பாயோட பாய். கைக்குழந்தைக்குப் பாலில்லை. கண் பாருங்கோ தாயே." அதை வகுப்பு அகராதியை வைத்து நானே பிரெஞ்சில் மாற்றினேன். மேல் வீட்டு மாமாவிடம் திருத்தக் கொண்டுபோயிருந்தால் அவராவது தடுத்திருப்பார். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒளித்து வைத்தேன்.

அன்று காலை வெளிச்சம் வர முன்னரே எழுப்பினார். குசினி மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. முதலில் தலைமயிரில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, மேலே கோதுமை மாவைத் தூவிப் பிசைந்தார். மயிர் சடை பிடித்து விறைத்தது. முட்டை வெள்ளையை முகத்தில் பூசி ஊதிக் காயவைத்தார். காயக் காயத் தோல் இழுத்து, வாயோரத்தில் சின்னச் சின்னச் சுருக்கமாக வெடித்தது. கொக்கோத் தூளை எண்ணெயில் குழைத்துக் கன்னத்துக் குழியிலும் கண்ணுக்குக் கீழேயும் விரல் நுனியால் ஒற்றினார். ஒற்றும்போது அவர் விரலின் வெடிப்பு என் தோலில் அராவியது. என்ன பூசினாலும் அந்த விரல்களில் ரெஸ்ரோரண்ட் சவர்க்காரம் மணக்கும். முன்பல் ஒன்றை அம்மாவின் கண்மையால் கறுப்பாக்கினார்.

புண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தார். கழிவறைத் தாளை மாப் பசையில் தோய்த்து முழங்காலுக்குக் கீழே ஒட்டி, நடுவில் கிள்ளிக் குழியாக்கி, அதற்குள் ஸ்ட்ரோபெரி ஜாமை விட்டார். ஓரத்தில் மஞ்சள் தூளையும் டின்பாலையும் குழைத்துச் சீழ் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். "இந்த நாட்டில ஒரு ஈ இல்லை. அதுதான் ஒரு குறை" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். தம்பியின் பால்மாத் தகரப் பேணி ஒன்றைச் சுவரில் தேய்த்து நசுக்கிக் கையில் தந்தார். அவருடைய பழைய சுவெட்டரைக் கைமுட்டியில் கிழித்துப் போட்டுவிட்டார்.

எனக்குக் குளிருக்கென்று ஒரு புதுச் சிவப்புக் கோட்டை அப்பா அதற்கு முதல் கிழமைதான் வாங்கி வந்திருந்தார். தொப்பியோரத்தில் வெள்ளைப் பஞ்சு வைத்த கோட். முதல் பனி விழுகிற அன்றைக்குப் போடுவதென்று கடைத் துண்டும் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் கொளுவியிருந்தது. அதைப் போடவா என்று கேட்டேன். "எந்தப் பிச்சைக்காரி சிவப்புக் கோட் போடுறவள்?" என்றார்.

மேல் வீட்டு மாமா தன் கமராவோடு இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "அண்ணை, உங்கட கையில வித்தை கிடக்கு" என்றார். படியடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நான் பேணியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்பா என் தோளில் கை வைத்தபடி, அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். நான் சொன்ன அந்த ஒரு படம் இதுதான்.

புறப்படும்போது அப்பா குனிந்து என் காதுக்குள் சொன்னார். "சிரிக்கக் கூடாது. ஆர் என்ன கேட்டாலும் வேஷத்தை விடக் கூடாது. நடுவர்மார் கேட்டுக் கேட்டுத்தான் பாப்பினம்."

வகுப்பில் நீங்கள் எல்லாம் பேயும் பூசணியுமாக நின்றீர்கள். என்னைப் பார்த்து முதலில் ஒதுங்கினீர்கள். மடம் வந்தார். எங்கள் வகுப்பு ஆசிரியை. மாக்கட்டித் தூளும் கோப்பியும் மணக்கும் உயரமான பெண். என் காலைக் குனிந்து பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார். "ஜாம்!" என்று சொல்லிக் கை தட்டினார். எல்லாரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. பேணியை நீட்டி, நொண்டி நடந்து, என் பிரெஞ்சு வசனத்தைச் சொன்னேன். சாப்பிட்டு மூன்று நாள். அப்பாவுக்கு வேலையில்லை. அம்மா படுத்த படுக்கை. தம்பிக்குப் பாலில்லை.

மடத்தின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. கிழிந்த சுவெட்டரைப் பார்த்தார். கோட் இல்லாமல் வந்திருக்கிறேன் என்பதைப் பார்த்தார். என் கையைப் பிடித்து வகுப்புக்கு வெளியே நடைகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முழந்தாளிட்டு, என் கன்னத்தைத் தொட்டார்.

"புண் வேஷம், எனக்குத் தெரியும். மற்றது? நீ சொன்னது உண்மையா?"

நடுவர் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். முழுவதும் அப்படி இல்லை. ஆறு மாதமாக அந்த வகுப்பில் இருந்த என்னை அந்தப் பெண் அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்ட இருந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கன்னத்தில் இருந்த கை சூடாக இருந்தது. அந்தக் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வுய், மடம்" என்றேன். ஓம் என்று.

ஆசிரியர்கள் சாப்பிடுகிற அறையில் எனக்குச் சூப் தந்தார்கள். நான் காலையில் புட்டும் வாழைப்பழமும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவள். ஆனாலும் மூன்று நாள் பட்டினி கிடந்தவள் எப்படிக் குடிப்பாளோ அப்படிக் குடித்தேன். கோப்பையை விரலால் வழித்து நக்கினேன். வாசலில் நின்ற இன்னொரு ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நன்றாகச் செய்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

போட்டியும் இல்லை, பரிசும் இல்லை என்பது எனக்கு மத்தியானமே விளங்கிவிட்டது. மிட்டாய் தந்தார்கள், பாட்டுப் போட்டார்கள், முடிந்தது. பாடசாலை விட்டபோது மடம் தன் காரில் என்னை வீட்டு வாசலில் இறக்கினார். ஒரு பெரிய பெட்டி. யாரோ ஒரு பிள்ளை போட்டு விட்ட நீலக் கோட் ஒன்று. ஒரு கடிதம். மேலே ஏறி வரவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நல்ல மனுஷி. கெட்டவர்கள் செய்ததைத் திட்டித் தீர்க்கலாம். நல்லவர்கள் செய்ததை என்ன செய்வது?

அப்பா அன்று வேலைக்குப் போகாமல் லீவு போட்டுவிட்டுப் படியில் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, பரிசு கிடைச்சதோ?"

அந்த முகத்தைப் பார்த்து நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"முதற்பரிசு அப்பா" என்றேன்.

பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஏறினார். மேசையில் வைத்துத் திறந்தார். டின் மீன், டின் அவரை, பாஸ்தா, கடலை வெண்ணெய், பால்மா. "பாத்தீரே! எங்கட ஊரில ஒரு சோப்புப் பெட்டி, இல்லாட்டி எவர்சில்வர் கோப்பை. இஞ்ச ஒரு வீட்டுச் சாமானையே பரிசாய்க் குடுக்கிறாங்கள்." அம்மா கோட்டை எடுத்துப் புரட்டினாள். கழுத்துப் பட்டியின் உள்ளே வெள்ளைத் துண்டில் ஒரு பிள்ளையின் பெயர் நூலால் தைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அப்பா மேல் வீட்டு மாமாவைக் கூப்பிடப் போன நேரத்தில், சவர பிளேடை எடுத்து அந்தத் துண்டைப் பிரித்துக் குப்பையில் போட்டாள். அம்மா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கும் கை வரவில்லை. இப்போது யோசித்தால், அதுதான் அவள் செய்த பெரிய பிழை.

கடிதத்தை நான் வாசித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தின் பெயரை நத்தார் உதவிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். வேண்டாமென்றால் அறிவிக்கவேண்டுமாம்.

"என்ன எழுதியிருக்கினம்?"

"நான் திறமாய்ச் செய்தனானாம். பாராட்டி எழுதியிருக்கு."

அப்பா அடுத்த நாளே போய் ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கி வந்தார். பாடசாலைச் சின்னம் போட்ட கடிதம் என்றபடியால் அதைச் சான்றிதழ் என்றே நினைத்தார். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொளுவினார். மேல் வீட்டு மாமா கிட்டப் போய் முழுவதையும் வாசித்தார். அவரது உதடு அசைந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "வடிவாய் எழுதியிருக்கினம் அண்ணை" என்றார். எத்தனை தரம் குத்து வாங்கிய மனிதர்! அன்றைக்குப் பழி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. படத்தின் ஒரு பிரதியை அப்பா ஊருக்கு, பெரியப்பாவுக்கு அனுப்பினார். பின்பக்கத்தில் "முதற்பரிசு, கனடா" என்று எழுதினார்.

கார்த்திகையில் பனி விழுந்தது. அப்பா சிவப்புக் கோட்டின் கடைத் துண்டைத் தானே வெட்டி என்னிடம் நீட்டினார். அதைப் போட்டுக்கொண்டு நான் எப்படி மடத்தின் முன்னால் போவது? கோட் இல்லாத பிள்ளை அல்லவா நான்!

"நீலம்தான் சூடாயிருக்குது அப்பா" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு, "பரிசுக் கோட்தானே. அதில ஆசை வரும்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிவப்புக் கோட்டைத் திரும்பக் கொளுவினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அதைப் போடவில்லை. அடுத்த வருடம் கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு காலையும் அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போவேன். இரவில் செபம் சொல்லும்போது பட்டியலில் எங்கள் பெயரை மறந்துபோகவேணும் என்று கேட்பேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மறக்கவில்லை. நத்தாருக்கு முதல் சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. அப்பா வேலைக்குப் போக அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு நின்றார். வாசலில் ஒரு கிழவரும் ஒரு பெண்ணும், இரண்டு பேரும் பிடித்த ஒரு பெட்டியும். "போன்ஜூர்" என்றார்கள். வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்ததில் அப்பாவுக்குப் புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. இஞ்சேரும், தேத்தண்ணி போடும்!"

அவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். கொளுவியிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் சட்டம் போட்டிருந்த கடிதத்தைக் கண்டு கிட்டப் போனாள். வாசித்தாள். அவள் கை வாய்க்குப் போனது. அப்பா ஓடிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி என்னைக் காட்டிச் சொன்னார்.

"மா ஃபிய்! ப்ரெமியே! ப்ரெமியே!"

என் மகள், முதலாவது என்கிறார். கிழவர் தலையை ஆட்டி, "வுய், வுய், மிஸியு" என்றார். குழந்தைக்குச் சொல்கிற குரல்.

அம்மா தட்டத்தில் தேநீர் கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கையை உயர்த்தினார்கள். "நோ, மெர்சி. நோ, நோ, மெர்சி." அப்பா திரும்பவும் கேட்டார். திரும்பவும் வேண்டாமென்றார்கள். தட்டத்தைப் பிடித்திருந்த அம்மாவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் எதுவோ நின்றது. அப்போது கிழவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை விரித்துப் பேனாவோடு நீட்டினார். மேலிருந்து கீழே பெயர்கள். பெயருக்கு நேரே எத்தனை பேர் என்ற எண். அதற்கு நேரே கையெழுத்துக்குக் கோடு.

அப்பாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அந்தத் தாளை வாசிக்க அவருக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

பேனாவை வாங்கினார். தாளைச் சுவரில் வைத்து, தன் முழுப் பெயரையும் தமிழில், நிதானமாக எழுதினார். "மெர்சி" என்று நன்றி சொன்னார். அவர்களைப் படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, இஞ்ச வா. அந்த மடத்துக்கு அண்டைக்கு என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் அப்பா."

"பிறகு?"

"உண்மையோ எண்டு கேட்டவ."

"நீ?"

"ஓம் எண்டன். வேஷத்தை விடக் கூடாதெண்டு நீங்கள்தானே..."

ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி என் கையில் தந்தார். "இப்ப சரியாய் வாசி."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். வாசித்து முடித்தபோது தம்பி தொட்டிலில் சிணுங்கினான். யாரும் போகவில்லை.

"உமக்குத் தெரியுமோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

"கோட்டில வேற பிள்ளையின்ர பேர் கிடந்தது" என்றாள் அம்மா. தட்டம் இன்னும் கையில்தான் இருந்தது.

"மேல் வீட்டுத் தம்பிக்கு?"

"அவர் அண்டைக்கே வாசிச்சவர்தானே."

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. கதிரையில் இருந்து, தன் சேர்ட்டின் கைமடிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டு சொன்னார்.

"அப்ப, ரெண்டு மாசமாய் இந்த வீட்டில வேஷத்தோட திரிஞ்சது நான் ஒருத்தன்தான்."

மூன்று மணிக்கு வேலைக்குப் போனார். பெட்டியைத் திருப்பிக் கொடுப்போமா என்று அம்மா கேட்டதற்கு, "திருப்பித் தந்தவையளை ஊரில நாங்கள் என்ன ஏச்சு ஏசினனாங்கள். வைச்சுச் சமையும்" என்றார். சமைத்ததில் அவர் கை வைக்கவில்லை. மேல் வீட்டு மாமாவை அதற்குப் பிறகு ஒரு சொல் குத்தவில்லை. மாமாவும் அதற்குப் பிறகு அதிகம் வரவில்லை.

தை மாதம் பெரியப்பாவின் கடிதம் வந்தது. "வெள்ளைக்காரன்ர நாட்டிலயும் எங்கட பிள்ளை முதலாவது. படத்தை வீட்டுக்கு வாற எல்லாருக்கும் காட்டுறம்." அப்பா அதைச் சத்தமாக எங்களுக்கு வாசித்தார். ஒரு சொல்லும் விடவில்லை. பதில் எழுதியபோது குளிரைப் பற்றி மட்டும் எழுதினார்.

அடுத்த ஹலோவீனுக்கு டெப்பனூர் கடையில் ரப்பர் நாடா வைத்த பிளாஸ்டிக் பூனை முகம் ஒன்று வாங்கித் தந்தார். உள்ளே மூச்சு வியர்த்து ஒழுகும். பிற்காலத்தில் எங்கள் கோயிலில் இயேசுவின் பாடுகளின் நாடகம் போட்டபோது, முகம் எழுத வரச் சொல்லிப் பங்குச் சாமியே வந்து கேட்டார். "எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி" என்றார் அப்பா. அப்பா கண் மூடி ஆறு வருடமாகிறது. அந்த விரல்கள் என் முகத்தில் பிறகு ஒருநாளும் படவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனேன். பெரியப்பா இல்லை. எனக்கு அண்ணா முறையான அவர் மகன் வீட்டு முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்குள், நடுத்தட்டில் அந்தப் படம் நின்றது. சண்டைக் காலத்தில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார்களோ அத்தனை தரமும் அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஒரு முறை உடுப்பை விட்டுவிட்டுப் போயும் அதை விடவில்லையாம். பின்பக்கத்து எழுத்தைப் பிரதி எடுத்துக் கீழே ஒட்டியிருந்தார்கள். "முதற்பரிசு, கனடா."

நான் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாவின் மகள், ஒன்பது பத்து வயதிருக்கும், பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்தாள். எங்கள் அப்பாவின் சிரிப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமி, வெள்ளைக்காரப் பிள்ளையள் எல்லாரையும் விட நீங்கள்தான் முதலாவதாய் வந்தனீங்களாமே. உண்மையோ?"

"ஓம்" என்றேன்.